பள்ளி வாயிலில் திருச்சபை: அமெரிக்கப் பாலியல் கல்வி விவாதத்தின் வரலாறு

பொதுப் பள்ளிகளில் பாலியல் கல்வி கற்பிக்கப்படலாமா என்னும் வினா எழும்போதெல்லாம், சமயத்தினர் ஒரு பக்கமும் சமயச் சார்பற்றோர் மறு பக்கமும் அணிவகுத்து நிற்பதாகவே பொதுவாக எண்ணப்படுகிறது. ஒழுக்கத்தைக் காக்க விரும்புவோர் எதிர்ப்பர். அறிவியலைப் போற்றுவோர் ஆதரிப்பர் என்பது பலருடைய கணிப்பு. வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கு இக்கணிப்பு முழு உண்மையாகத் தோன்றாது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விவாதம் மிகக் கடுமையாக நடைபெற்ற நாடுகளுள் அமெரிக்க ஐக்கிய நாடு முதன்மையானது. அங்குப் பாலியல் கல்வியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தோரிடையே திருச்சபையின் மக்கள் இருந்தனர்; அதை வெளியேற்றப் போராடியோரிடையேயும் அவர்கள் இருந்தனர். இரு சாராரும் குழந்தைகளின் நலனையே நாடுவதாகக் கூறினர். இரு சாராரும் திருமறையையே சான்றாகக் காட்டினர். இது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், இதனின்று நாம் கற்றுக்கொள்ளத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். நம் நாட்டில் இதே விவாதம் எழுந்த வகையையும் இறுதியில் சுருக்கமாகக் காண்போம்.

1. மௌனத்தின் விலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களில் பாலுறவு பற்றி வாய் திறவாமையே ஒழுக்கத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. 1873-ஆம் ஆண்டில் காம்ஸ்டாக் சட்டம் என வழங்கும் சட்டம் நிறைவேறியது. ஆபாசமெனக் கருதப்பட்ட நூல்களை மட்டுமன்றிக் கருத்தடை பற்றிய செய்திகளையும் அஞ்சலில் அனுப்புவதை அது குற்றமாக்கிற்று. இச்சட்டத்துக்காக அயராது உழைத்த அந்தோணி காம்ஸ்டாக் என்பவருக்குப் பக்கபலமாக நின்றோர் நியூயார்க் நகர ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் தலைவர்களே. இளைஞரைத் தீய நூல்களினின்று காப்பது அவர்களுடைய நோக்கம். அந்நோக்கம் குறைகூறத்தக்கதன்று. ஆயினும் தீயதைத் தடுக்க எழுப்பிய மதில் தேவையானதையும் தடுத்தது.

இம்மதிலின் விளைவை முதலில் உணர்ந்தோர் மருத்துவர்களே. நியூயார்க் நகரில் தோல் நோய் மருத்துவராகப் பணியாற்றிய பிரின்ஸ் மாரோ, மேகப்புண், வெட்டை நோய் ஆகியவை மணவாழ்க்கையில் விளைக்கும் கேடுகளைப் பற்றி 1904-இல் ஒரு நூல் வெளியிட்டார். திருமணத்துக்கு முன்னும் பின்னும் விலைமகளிரை நாடிய ஆடவர், தாங்கள் பெற்ற நோயை ஏதுமறியாத மனைவியர்க்குக் கொடுத்தனர். மனைவியர் மகப்பேற்றை இழந்தனர். குழந்தைகள் பார்வையிழந்து பிறந்தனர். நோய் இன்னதென அறிந்த மருத்துவரோ, கணவனுடைய இரகசியத்தைக் காக்கும் பொருட்டு மனைவியிடம் உண்மையை மறைத்தார். ஒழுக்கமுடையோராய் வாழ்ந்த பெண்களே ஒழுக்கத்தின் பெயரால் காக்கப்பட்ட மௌனத்துக்குப் பலியாயினர் என்பதை மாரோ எடுத்துக்காட்டினார். ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்னும் இரட்டை வழக்கையும் அவர் கண்டித்தார். 1905-இல் இந்நோய்களைக் கல்வியின் மூலம் தடுக்கவென ஒரு கழகத்தை நிறுவினார். அமெரிக்கப் பாலியல் கல்வி இயக்கத்தின் தோற்றம் இக்கழகமே எனலாம்.

ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. காம்ஸ்டாக்கை ஆதரித்த அதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கம், ஒரு தலைமுறைக்குள், இளைஞர்க்குப் பாலியல் பற்றிய சொற்பொழிவுகளை நடத்தும் அமைப்பாகவும் மாறிற்று. அவ்வியக்கத்தைச் சார்ந்த மருத்துவர் மாக்ஸ் எக்ஸ்னர், 948 கல்லூரி மாணவரிடம் வினவிப் பெற்ற விடைகளை 1915-இல் வெளியிட்டார். பாலுறவு பற்றி அவர்கள் முதன்முதலில் அறிந்தது யாரிடமிருந்து என்பது வினாக்களுள் ஒன்று. மிகப் பெரும்பாலோர் பெற்றோரிடமிருந்தோ ஆசிரியரிடமிருந்தோ அறியவில்லை. தெருவிலும் விளையாட்டிடங்களிலும் மூத்த சிறுவரின் இழிந்த பேச்சிலிருந்துமே அறிந்திருந்தனர். வீடும் ஆலயமும் பேசாதிருந்தமையால் பிள்ளைகள் அறியாதவராக இருந்துவிடவில்லை. அவர்களுக்கு வேறு ஆசிரியர் கிடைத்திருந்தனர்.

2. சிகாகோ நகரின் சோதனை

இக்கல்வியைப் பொதுப் பள்ளிக்குள் கொண்டுசெல்லும் முதல் பெருமுயற்சி 1913-இல் சிகாகோ நகரில் நடைபெற்றது. அந்நகரப் பள்ளிகளின் தலைமைக் கண்காணிப்பாளராக 1909 முதல் பணியாற்றியவர் எல்லா ஃபிளாக் யங் அம்மையார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றில் இப்பதவியை வகித்த முதல் பெண்மணி அவரே. அவர் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு மருத்துவரைக் கொண்டு சொற்பொழிவுகள் நடத்த ஏற்பாடு செய்தார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அவை நடத்தப்பட்டன. 'தனிமனிதத் தூய்மை' என்பது அவற்றுக்கு இடப்பட்ட பெயர். இனப்பெருக்கம், உடலின் தூய்மை, நோய்களின் கேடு, தன்னடக்கம் ஆகியவையே பொருள். இன்று நாம் படித்தால் இவற்றை மிகவும் அடக்கமான உபதேசங்கள் என்றே கூறுவோம். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் இவற்றைக் கேட்டனர்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. குழந்தைகளின் உள்ளத்தில் இத்தகைய அறிவை இடுவது அவர்களுடைய மாசற்ற தன்மையை அழிக்கும் என்றும், இது பெற்றோருக்கும் குருமாருக்கும் உரிய பொறுப்பு என்றும் ரோமன் கத்தோலிக்கத் தலைவர்கள் வாதிட்டனர். அச்சொற்பொழிவுகளின் அச்சுப் பிரதிகளை அஞ்சலில் அனுப்புவதற்கும் காம்ஸ்டாக் சட்டத்தின்கீழ் தடை விதிக்கப்பட்டது. தூய்மையைப் போதிக்க எழுதப்பட்டவை ஆபாசம் எனத் தள்ளப்பட்டன. நகரக் கல்விக் குழுவில் யங் அம்மையாரின் பகைவர் வலுப்பெற்றனர், சொற்பொழிவுகள் தொடரப்படவில்லை.

எதிர்த்தோரின் வாதத்தை நாம் எளிதில் புறக்கணித்தல் தகாது. பாலியல் என்பது உடற்கூற்றுப் பாடமாக மட்டும் கற்பிக்கப்படத் தக்கதன்று. அன்பு, உண்மை, உடன்படிக்கை என்பவற்றோடு பிணைந்தது என்பதில் அவர்கள் உறுதியாயிருந்தனர். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பதினொன்றாம் பத்திநாதர் கல்வியைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலும், வெறும் அறிவூட்டுதலால் இளைஞரைப் பாவத்தினின்று காத்துவிடலாம் என்னும் நம்பிக்கையைக் கண்டித்தது. அறிவு தன்னளவில் ஒழுக்கத்தைத் தராது என்னும் இக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் சிகாகோவில் எதிர்த்தோர் ஒன்றைச் செய்யவில்லை. இது பெற்றோரின் கடமை என்றவர்கள், அக்கடமையைச் செய்யப் பெற்றோர்க்குத் துணைபுரியும் வழி எதையும் காட்டவில்லை. சொற்பொழிவுகள் நின்றன, வீட்டின் மௌனம் நின்றபடியே நின்றது.

அடுத்த நாற்பதாண்டுக் காலத்தில் இக்கல்வி அமெரிக்கப் பள்ளிகளில் அரைகுறையாக, உயிரியல், சுகாதாரம், குடும்ப வாழ்க்கை என்னும் பாடங்களினூடே மறைந்து வாழ்ந்தது.

3. கிரீன் லேக் முதல் 1968 வரை

அறுபதுகளில் நிலை மாறிற்று. 1960-இல் கருத்தடை மாத்திரை விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. திரைப்படங்களும் விளம்பரங்களும் துணிச்சல் பெற்றன. பழைய மௌனம் வெளியுலகில் முற்றிலும் உடைந்துவிட்டது. வீட்டிலும் ஆலயத்திலும் மட்டுமே அது எஞ்சியிருந்தது.

இந்நிலையில் 1961-ஆம் ஆண்டில் அமெரிக்க, கனடா நாட்டுத் திருச்சபைகளின் மன்றங்கள் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள கிரீன் லேக் என்னுமிடத்தில் திருச்சபையும் குடும்பமும் பற்றிய மாநாடு ஒன்றைக் கூட்டின. போதகரும், மருத்துவரும், சமூகவியலாரும் அங்கே கூடினர். தங்கள் சபைகளின் குடும்பங்கள் உண்மையில் எவ்வாறு வாழ்கின்றன என்பதைத் திருச்சபைத் தலைவர்கள் ஒளிவுமறைவின்றிக் கேட்ட கூட்டம் அது. அங்குச் சந்தித்தோரில் இருவரை நாம் குறிப்பிட வேண்டும். ஒருவர் குவேக்கர் சபையைச் சார்ந்த மருத்துவர் மேரி கால்டிரோன் அம்மையார். மற்றவர் திருச்சபைகளின் தேசிய மன்றத்தில் குடும்ப வாழ்க்கைப் பணியை நடத்திவந்த போதகர் வில்லியம் ஜென்னே. இவர்களும் வேறு சிலரும் அங்குத் தொடங்கிய உரையாடலின் பயனாக, 1964-இல் அமெரிக்கப் பாலியல் செய்தி, கல்வி மன்றம் நிறுவப்பட்டது. சீக்கஸ் என்னும் சுருக்கப் பெயரால் பின்னர் நாடெங்கும் போற்றப்பட்டதும் தூற்றப்பட்டதும் இம்மன்றமே. அதன் பகைவர் அதை நாத்திகத்தின் கருவி எனச் சாடினர். ஆனால் அதன் தொட்டில் திருச்சபை மாநாடு ஒன்றில் இருந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் மாற்றம் நிகழ்ந்தது. இரண்டாம் வத்திக்கான் பேரவை 1965-இல் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, குழந்தைகள் வளர வளர அவர்கள் வயதுக்கேற்ற முறையில் விவேகமான பாலியல் கல்வி பெற வேண்டும் என ஏற்றுக்கொண்டது. 1968-இல் திருச்சபைகளின் தேசிய மன்றம், அமெரிக்கக் கத்தோலிக்க மாநாடு, யூத சமயத்தாரின் தொழுகைக் கூடங்களின் மன்றம் ஆகிய மூன்றும் கூடிப் பாலியல் கல்வி பற்றிக் கூட்டறிக்கை வெளியிட்டன. முதற்பொறுப்பு பெற்றோருடையது, சமயக் கூட்டங்களும் பள்ளிகளும் அவர்களுக்குத் துணைநிற்க வேண்டும், பல்வேறு நம்பிக்கையுடைய குடும்பங்களின் மனச்சாட்சி மதிக்கப்பட வேண்டும் என்பவையே அதன் சாரம். சிகாகோவில் எதிரெதிராக நின்ற கருத்துகள் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஓர் அறிக்கையில் இணைந்தன.

ஆனால் தலைவர்கள் கையொப்பமிட்ட அறிக்கை சபையாரின் உள்ளத்தைச் சென்றடையவில்லை என்பதை அதே ஆண்டில் ஒரு சிறு நகரம் காட்டிற்று.

4. அனகைம் நகரின் போராட்டம்

கலிபோர்னியா மாநிலத்தின் ஆரஞ்சு மாவட்டத்திலுள்ளது அனகைம் நகர். 1950-இல் பதினையாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த இவ்வூரில், 1960-இல் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 1955-இல் டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டதும் இங்கேதான். நாட்டின் பல திசைகளினின்று பிழைப்பை நாடி வந்த குடும்பங்கள் உறவினரையும் பழைய சபைகளையும் விட்டுப் பிரிந்து இங்குக் குடியேறின. பாட்டியும் அத்தையும் அருகிலில்லாத வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எதை யார் சொல்லிக்கொடுப்பது என்னும் வினா இயல்பாகவே எழுந்தது.

அந்நகர உயர்நிலைப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் பால் குக்கும், பள்ளிச் செவிலியரான சாலி வில்லியம்ஸ் அம்மையாரும் பெற்றோருடைய கருத்தை அறிந்து, 1965-இல் குடும்ப வாழ்க்கை, பாலியல் கல்வித் திட்டத்தைத் தொடங்கினர். ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஆண்டுக்கு நாலரை வாரம் இப்பாடம் நடைபெற்றது. ஆண்களும் பெண்களும் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். ஆசிரியர் உபதேசிப்பதைக் குறைத்து மாணவரைக் கலந்துரையாடச் செய்வது அதன் முறை. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளலாம். விலக்கியோர் மிகச் சிலரே. நாடெங்குமிருந்து கல்வியாளர் வந்து இதனைப் பார்த்துச் சென்றனர்.

1968-இல் எதிர்ப்பு வெடித்தது. பிள்ளைகளின் தாய்மார் சிலர் பாடக் குறிப்புகளைப் படித்து அஞ்சினர். உள்ளூர் நாளிதழ் ஒன்று அவர்களுடைய குரலை நாள்தோறும் பெருக்கிற்று. கல்விக் குழுவின் கூட்டங்களில் கூச்சல் எழுந்தது. ஏறத்தாழ அதே வேளையில், ஒக்லகோமா மாநிலத்தின் டல்சா நகரிலிருந்து பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் நடத்திவந்த 'கிறிஸ்தவச் சிலுவைப்போர்' என்னும் இயக்கம், பள்ளிக்கூடம் இத்தகைய பாடத்துக்கு உரிய இடந்தானா எனக் கேட்கும் துண்டு நூல் ஒன்றை நாடெங்கும் பரப்பியது. 1969 சனவரியில் ஜான் பர்ச் கழகத்தின் நிறுவனர் ராபர்ட் வெல்ச், பாலியல் கல்வி பொதுவுடைமையாளரின் சதி என அறிவித்தார். வகுப்பறையில் ஆசிரியை ஒருவர் ஆடை களைந்து காட்டினார் என்பன போன்ற வதந்திகள் ஊர் ஊராகச் சென்றன. எந்தப் பள்ளி, எந்த ஆசிரியை என வினவியபோது, அது எப்போதும் அடுத்த மாநிலத்தில் நடந்ததாகவே சொல்லப்பட்டது.

1969 ஏப்ரலில் நடைபெற்ற கல்விக் குழுத் தேர்தலில் எதிர்ப்பாளர் இடம்பெற்றனர். குக் பதவியினின்று விலகினார். அடுத்த ஆண்டுக்குள் திட்டம் உருக்குலைந்தது. கலிபோர்னியச் சட்டமன்றமும் 1969-இல், பெற்றோர்க்கு முன்னறிவிப்புக் கொடுக்கவும், பாடப்பொருளைப் பார்வையிடவும், பிள்ளையை விலக்கிக்கொள்ளவும் உரிமையளிக்கும் சட்டத்தை இயற்றிற்று.

இவ்வரலாற்றைப் படிப்போர் பொய் வதந்தியின் வல்லமையை மட்டும் கண்டு நின்றுவிடலாகாது. வதந்தியை நம்பியோர் தீயோரல்லர். தங்கள் பிள்ளைகளின் உள்ளத்தை அறியாத ஒருவர் உருவாக்குகிறார் என்னும் அச்சம் அவர்களுடையது. நன்மை தீமை எதையும் வற்புறுத்தாது மாணவர் தாமே கண்டடைய விடவேண்டும் என்ற அக்காலக் கல்வி முறை, அவ்வச்சத்தை வளர்த்தது. அவர்கள் கேட்ட கேள்விகளுள் சில நியாயமானவை: ஆசிரியர்க்கு என்ன பயிற்சி உண்டு? எம் நம்பிக்கைக்கு வகுப்பில் இடமுண்டா? இக்கேள்விகளுக்கு விடை கூறத்தக்க இடம் அவர்களுடைய சபையே. 1968-இன் கூட்டறிக்கை அவ்விடையைக் கொண்டிருந்தது. ஆயினும் அது பிரசங்க பீடத்தினின்று எடுத்துரைக்கப்படாமல் அலுவலகக் கோப்புகளில் தங்கிற்று. சபையார்க்கு எட்டிய ஒரே கிறிஸ்தவக் குரல் அச்சமூட்டுவோரின் குரலாயிற்று.

5. மருத்துவர் கூப்பின் சாட்சி

1981-இல் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக அறியப்பட்டது. அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் ரீகன், நாட்டின் தலைமைப் பொதுநல மருத்துவர் பதவிக்குச் சி. எவரெட் கூப்பை முன்மொழிந்தார். கூப் குழந்தைகளின் அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்றவர். பிலதெல்பியா நகரப் பிரஸ்பிட்டேரியன் சபையில் மூப்பராயிருந்தவர். கருச்சிதைவை எதிர்த்து நூல் எழுதியவர். பழமை பேணும் கிறிஸ்தவர் அவரைத் தம்மவராகக் கருதி மகிழ்ந்தனர்.

1986 அக்டோபரில் அவர் வெளியிட்ட எய்ட்ஸ் அறிக்கை அவர்களைத் திகைக்கச் செய்தது. மணவாழ்க்கைக்கு வெளியே உறவைத் தவிர்த்தலும், மணத்தில் ஒருவர்க்கொருவர் உண்மையாயிருத்தலுமே சிறந்த பாதுகாப்பு என அவர் எழுதினார். அதனோடு நிற்காமல், அவ்வாறு வாழாதோர்க்கு ஆணுறையின் பயனையும் எடுத்துரைத்தார். பள்ளிகளில் இயன்றவரை இளம் வகுப்புகளிலேயே பாலியல் கல்வி தொடங்கப்பட வேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1988-இல் இந்நோயைப் பற்றிய சிறு நூல் நாட்டின் பத்துக் கோடிக்கு மேற்பட்ட இல்லங்களுக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டது. இத்தகைய செய்திகளை அஞ்சலில் அனுப்புவதைக் குற்றமாக்கிய 1873-ஆம் ஆண்டின் சட்டத்தை இங்கு நாம் நினைவுகூரலாம். பழைய நண்பர் பலர் கூப்பைத் துரோகி என்றனர். அவரோ தம் நம்பிக்கைகளில் ஒன்றையும் கைவிட்டவரல்லர். மருத்துவராகத் தாம் காக்க வேண்டிய உயிர்களில், தம் ஒழுக்க நெறியை ஏற்காதோரின் உயிரும் அடங்கும் என்பதே அவர் கொண்ட நிலை.

1996-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி, திருமணம் வரை விலகியிருத்தலை மட்டுமே போதிக்கும் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் 5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. அவற்றுள் நான்கு திட்டங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிடப்பட்ட அறிக்கை, அவற்றில் பங்குபெற்ற இளைஞர்க்கும் பங்குபெறாதோர்க்கும் நடத்தையில் வேறுபாடு காணப்படவில்லை எனக் கூறிற்று. அறிவு மட்டும் ஒழுக்கத்தைத் தராது என்று எதிர்ப்பாளர் நெடுங்காலமாகக் கூறிவந்தது உண்மையே. பள்ளியறையில் கட்டளையிடுதல் மட்டும் ஒழுக்கத்தைத் தராது என்பதும் இப்போது தெளிவாயிற்று.

6. நம் நாட்டில்

கூப்பின் அறிக்கை வெளியான அதே 1986-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமன் அம்மையாரும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் ஈடுபடுத்தப்பட்ட பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தனர். அவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் எய்ட்ஸ் கிருமிக்கான சான்று காணப்பட்டது. இந்தியாவில் இந்நோய் இருப்பது இவ்வாறு முதன்முதலில் வெளிப்பட்டது. நம் பண்பாட்டில் இத்தகைய நோய்க்கு இடமில்லை என்று எண்ணியிருந்த நாட்டுக்கு உண்மையை அறிவித்த ஆய்வில், திருச்சபையின் மருத்துவப் பணியால் எழுந்த ஒரு நிறுவனம் பங்குபெற்றது என்பது நாம் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

2005-இல் மைய அரசு பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. 2007-இல் மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், கர்நாடகம், குசராத்து முதலிய மாநிலங்கள், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது எனக் கூறி அதனைத் தடைசெய்தன. மாநிலங்களவையின் மனுக்கள் குழு 2009-இல் அளித்த அறிக்கையும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றே பரிந்துரைத்தது. அனகைம் நகரில் கேட்ட சொற்கள் நம் மொழிகளில் மீண்டும் கேட்டன. அங்கே இது பொதுவுடைமையாளரின் சதி எனப்பட்டது. இங்கே மேலைநாட்டாரின் சதி எனப்பட்டது.

தடைகள் விதிக்கப்பட்ட அதே 2007-இல், மைய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. அதில் வினவப்பட்ட 12,447 குழந்தைகளில் 53 விழுக்காட்டினர்க்கு மேல் ஏதோ ஒரு வகையில் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகக் கூறினர். கொடுமை செய்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், குழந்தையின் நம்பிக்கைக்குரியவர்கள். ஆண் குழந்தைகளும் பெண் குழந்தைகளைப் போலவே பாதிக்கப்பட்டிருந்தனர். பெரும்பாலோர் அதை எவரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர்களிடம் சொற்களில்லை, கேட்பதற்கு ஆளுமில்லை. நூறாண்டுக்கு முன் மாரோ கண்ட மனைவியரைப் போலவே, இக்குழந்தைகளும் பிறர் கௌரவத்தைக் காக்கும் மௌனத்தின் விலையைச் செலுத்தினர்.

இதன் பின்னரே 2012-இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களினின்று காக்கும் போக்சோ சட்டம் இயற்றப்பட்டது. 2024 செப்டம்பரில், சென்னை உயர்நீதிமன்றத்தினின்று மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், பாலியல் கல்வி பற்றிய தவறான எண்ணங்களைக் களைந்து முழுமையான கல்வித் திட்டங்களை வகுக்குமாறு அரசுக்கு ஆலோசனை கூறிற்று.

7. வரலாறு நமக்குக் கூறுவது

இந்நெடிய வரலாற்றில் இரு சாராரின் வாதங்களிலும் உண்மையுண்டு என்பதை நாம் கண்டோம். பாலியல் அறிவை ஒழுக்கத்தினின்று பிரித்துக் கற்பித்தலாகாது என்று ஒரு சாரார் கூறியது மெய். அறியாமையை மாசற்ற தன்மையென மயங்கலாகாது என்று மறு சாரார் கூறியதும் மெய். முதற்பொறுப்பு பெற்றோருடையதும் சபையினுடையதும் என்பதை இருவருமே மறுக்கவில்லை. எனினும் அப்பொறுப்பைக் காரணமாகக் காட்டிப் பள்ளியைத் தடுத்தோர் பலர். அப்பொறுப்பைத் தாமே ஏற்று நிறைவேற்றினோர் சிலர். சிகாகோவிலும் அனகைமிலும் தோல்வியுற்றது பள்ளித் திட்டம் என்று கூறுவது பாதி உண்மையே. சபையும் அங்கே தோல்வியுற்றது.

இறையியல் பயில்வோர் இதனைத் தம் பணிக்குரிய வினாவாக எடுத்துக்கொள்ள வேண்டும். மனித உடலைக் கடவுள் படைத்து நல்லதெனக் கண்டார் என்று நாம் அறிக்கையிடுகிறோம். வார்த்தையானவர் மாம்சமானார் என்று போதிக்கிறோம். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பிப் பாடும் உன்னதப்பாட்டு நம் திருமறையில் உள்ளது. தாமாரின் துயரத்தை, அவள் வீட்டாரின் மௌனத்தோடு சேர்த்து, சாமுவேலின் இரண்டாம் நூல் மறைக்காது எழுதி வைத்திருக்கிறது. இவ்வளவையும் கையில் வைத்திருக்கும் சபை, உடலைப் பற்றிப் பேச நாணுவதற்கு இறையியல் காரணம் எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

செய்யத்தக்கவை பெருங்காரியங்களல்ல. திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இவ்வினாக்கள் எழும் வயதினரே. அவ்வகுப்பில் உடலின் மாண்பைப் பற்றி ஒரு பாடம் இடம்பெறலாம். ஞாயிறு பள்ளி ஆசிரியர்க்கு, ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த தீங்கைத் தயங்கிச் சொல்லும்போது எவ்வாறு செவிகொடுப்பது, எவ்வாறு சட்டப்படி அறிவிப்பது என்னும் பயிற்சி அளிக்கப்படலாம். பெண்கள் ஐக்கியச் சங்கக் கூட்டங்களில் கிறிஸ்தவ மருத்துவமனைகளின் செவிலியரை அழைத்து, தாய்மார் மகளிடம் பேசுவதற்குரிய சொற்களைக் கற்றுக்கொள்ளலாம். தந்தையர் மகனிடம் பேசவும் அவ்வாறே வழி செய்யலாம். சபையின் பள்ளிகளில் இப்பாடம் நடத்தப்படும்போது, பெற்றோரை முதலில் அழைத்துப் பாடப்பொருளை அவர்கள் முன் வைக்கலாம். இவற்றைச் செய்த சபை, அரசுப் பள்ளியில் எது கற்பிக்கப்பட வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்போது அதன் சொல் மதிக்கப்படும்.

1961-இல் கிரீன் லேக்கில் கூடிய திருச்சபைத் தலைவர்கள், முதலில் தம் சபைகளின் குடும்பங்களைப் பற்றிய உண்மையைக் கேட்டறிந்தனர். அதன் பின்னரே செய்யத்தக்கதை ஆராய்ந்தனர். நம் பேராயங்களிலும் குருமட வகுப்புகளிலும் இவ்விவாதம் எழும்போது, இவ்வரிசையை நாம் பின்பற்றுதல் நலம். 2007-ஆம் ஆண்டின் ஆய்வு காட்டும் குழந்தைகளில் நம் சபைகளின் குழந்தைகளும் இருப்பார்கள் என்பதை உணர்ந்து, முதலில் அவர்களுக்குச் செவிகொடுப்போமாக.